ஊதுகுழாயைத் தொடுமுன் நீர்மட்டத்தை அளக்கவும்: நிலத்தடிக் காற்றூட்டலில் அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

பெட்ரோல், டீசல், கரைப்பான்கள் ஆகியவை கசிந்து கெட்டுப்போன நிலத்தடி நீரை வெளியே இறைக்காமல், நீர்மட்டத்துக்குக் கீழே குழாய் இறக்கிக் காற்றைச் செலுத்தித் துப்புரவு செய்யும் முறை 1980களின் நடுப்பகுதியில் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்தது. செலுத்திய காற்று மணலின் இடுக்குகள் வழியே மேலேறும்போது, நீரில் கரைந்துள்ள பென்சீன், டொலுவீன் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்களைத் தன்னோடு இழுத்து வருகிறது. அத்துடன் நீரில் ஆக்சிஜனைக் கரைத்து, மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் எஞ்சிய எண்ணெயைச் சிதைப்பதற்கும் வழிசெய்கிறது. மேலே வந்த ஆவியை, நீர்மட்டத்துக்கு மேலுள்ள உலர்ந்த மண்ணில் பதித்த வேறு குழாய்கள் ஒரு ப்ளோயரின் துணையால் உறிஞ்சி, கரி நிரப்பிய தொட்டி வழியாக வெளியேற்றுகின்றன. முன்னதை ஊதுகுழாய் என்றும், பின்னதை உறிஞ்சுகுழாய் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் இந்த வேலையைச் செய்பவர்கள் இரண்டு செய்திகளை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். கெடிலம், தென்பெண்ணை, சங்கராபரணி ஆகிய ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலில் மணலும் களியும் மாறி மாறிப் படுத்திருக்கின்றன. ஆகவே நேற்று தோண்டிய இடத்துக்குப் பத்தடி தள்ளித் தோண்டினால் வேறு மண் வரலாம். இரண்டாவதாக, சித்திரையில் நான்கு மீட்டர் ஆழத்தில் இருந்த நீர், வடகிழக்குப் பருவமழை வலுத்ததும் கார்த்திகையில் முழங்கால் ஆழத்துக்கு வந்துவிடும் இடங்கள் இங்கே உண்டு. கம்ப்ரசர் கெட்டுவிட்டது, குழாய் அடைத்துவிட்டது என்று வரும் புகார்களில் பல, உண்மையில் நீர்மட்டம் இடம் மாறியதால் எழுந்தவையே. எனவே உடனே நிறுத்த வேண்டிய அவசரங்களைத் தவிர, கீழே சொல்லப்படும் எந்த அறிகுறியானாலும், வால்வில் கை வைப்பதற்கு முன் கண்காணிப்புக் கிணறுகளில் (நீரைச் சோதிப்பதற்காகவே சுற்றிலும் போட்டவை) டேப்பை இறக்கி நீர்மட்டத்தை எழுதிக்கொள்ள வேண்டும்.

வீட்டிலோ கடையிலோ சாக்கடை மூடியருகிலோ பெட்ரோல் வாடை வருகிறது

மற்ற எதையும் படிக்காமல் முதலில் ஊதும் கம்ப்ரசரை நிறுத்தவும். உறிஞ்சும் ப்ளோயரை நிறுத்தக் கூடாது. அது ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஊதிய காற்று ஆவியைச் சுமந்து வருகிறது, உறிஞ்சுகுழாய் அதைப் பிடிக்கவில்லை, ஆகவே அது தனக்கு எளிதான வழியில் கட்டடத்தின் அடித்தளத்துக்குள் புகுந்திருக்கிறது என்பதே இந்த வாடையின் பொருள். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கும். எரிவாயுக் கருவி இந்த அளவை 100 என்று கொண்டு காட்டும். அது 10 காட்டினாலே ஆட்களை வெளியேற்றி, கதவுகளைத் திறந்துவிட்டு, மின்விசிறி சுவிட்சைக்கூடப் போடாமலும் அணைக்காமலும் இருக்க வேண்டும்.

சாலையோரத்தில் இருந்த ஒரு பழைய எரிபொருள் விற்பனை நிலையத்தில் நாங்கள் வேலை செய்தபோது, மழை இரவொன்றில் மின்சாரம் போய் விடியற்காலையில் திரும்பியது. கம்ப்ரசர் தானாகவே மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது. ப்ளோயரின் ரிலே விழுந்திருந்ததால் அது ஓடவில்லை. நான்கரை மணிக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையைத் திறந்த அம்மா, அடுப்பைப் பற்றவைக்காமல் நேராகக் காவலரிடம் வந்து, “அண்ணே, உள்ள பெட்ரோல் வாடையா அடிக்குது, அடுப்பு பத்த வைக்கலாமா?” என்று கேட்டார். அவருடைய மூக்கும் முன்யோசனையும்தான் அன்று எங்களைக் காப்பாற்றின. எங்கள் மின்பலகையில் காப்பாற்றும் ஏற்பாடு எதுவும் இல்லை. பிழை முழுக்க எங்களுடையதே. ப்ளோயர் மோட்டாரின் கான்டாக்டரோடு (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச்) கம்ப்ரசரை இணைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது போதாது, ஏனெனில் மோட்டார் சுழன்றுகொண்டே பெல்ட் அறுந்திருக்கலாம். உறிஞ்சும் குழாய்வழியில் ஒரு வெற்றிட சுவிட்சைப் பொருத்தி, அங்கே உண்மையில் இழுவிசை இருந்தால் மட்டுமே கம்ப்ரசருக்கு மின்சாரம் போகுமாறு செய்ய வேண்டும். மின்சாரம் போய் வந்தபின் கம்ப்ரசர் தானாக ஓடக் கூடாது. ஓர் ஆள் வந்து பார்த்த பிறகே அதை ஓட்ட வேண்டும்.

இணைப்பு சரியாக இருந்தும் வாடை வருகிறதென்றால், ஊதும் அளவையும் உறிஞ்சும் அளவையும் ஒப்பிட வேண்டும். உறிஞ்சப்படும் காற்று, ஊதப்படும் காற்றைப்போல் குறைந்தது இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். புயல் நெருங்கும்போது காற்றழுத்தம் விழுவதால் மண்ணுக்குள் இருக்கும் ஆவி தானாகவே மேலே வரும். அதே நேரத்தில் மழைநீர் மண்ணின் மேற்பரப்பை மூடி, அந்த ஆவியைக் கட்டடங்களின் பக்கம் தள்ளிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் கரையைக் கடந்த ஊர்ப்பக்கம் இது என்பதால், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலே ஊதுவதை நிறுத்திவிடுவது என்பதை எங்கள் வேலை விதியாக வைத்துக்கொண்டோம்.

அழுத்தம் ஏறுகிறது, காற்று உள்ளே போகவில்லை

இதுதான் அடிக்கடி வரும் புகார். “சார், காத்தே போகல, பிரஷரை ஏத்திடட்டுமா?” என்று இயந்திரத்தை ஓட்டுபவர் தொலைபேசியில் கேட்பார். ஏற்றக் கூடாது. கணக்கு எளிமையானது: ஊதுகுழாயின் துளைகளுக்கு மேல் எத்தனை மீட்டர் நீர் நிற்கிறதோ, ஒவ்வொரு மீட்டருக்கும் 0.1 கிலோ அழுத்தம் தேவை. (களத்தில் எல்லோரும் சொல்வதுபோலவே, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற பொருளில் இங்கே கிலோ என்கிறேன்.) துளைகள் ஏழு மீட்டர் ஆழத்திலும் நீர்மட்டம் மூன்று மீட்டரிலும் இருந்தால் நான்கு மீட்டர் நீரை வெளியே தள்ள 0.4 கிலோ வேண்டும். மணலுக்குள் காற்று நுழைவதற்கும் குழாயின் உராய்வுக்கும் சேர்த்து 0.5 கிலோவில் வேலை நடக்கும். இதே குழாயில் மழைக்காலத்தில் நீர்மட்டம் அரை மீட்டருக்கு ஏறினால், நீரைத் தள்ள மட்டுமே 0.65 கிலோ தேவைப்படும். கம்ப்ரசர் அதே 0.5 கிலோவில் நின்றால் ஒரு குமிழிகூட வெளியேறாது. எதுவும் அடைக்கவில்லை, எதுவும் கெடவில்லை.

அப்படியானால் அழுத்தத்தை ஏற்றிவிடலாமே என்று கேட்கலாம். மேல் வரம்பு ஒன்று இருப்பதால்தான் தயக்கம். துளைகளுக்கு மேலுள்ள மண், நீர் ஆகியவற்றின் மொத்த எடையைக் காற்றின் அழுத்தம் மிஞ்சினால் மண் பிளந்துவிடும். மேற்சொன்ன ஏழு மீட்டர் ஆழத்தில், மூன்று மீட்டர் உலர்மணலும் நான்கு மீட்டர் நீர் நிறைந்த மணலும் சேர்ந்து ஏறக்குறைய 1.3 கிலோ எடையைத் தருகின்றன. அதில் 60 சதவீதத்தை, அதாவது 0.78 கிலோவை, நான் வரம்பாகக் கொள்வேன். மழைக்காலத்தில் மண் முழுவதும் நனைவதால் இந்த வரம்பு 0.8 கிலோவைச் சற்றுத் தாண்டுமே தவிர, தேவையான அழுத்தத்தைப்போல வேகமாக உயராது. கோடையில் தேவைக்கும் வரம்புக்கும் இடையே கால் கிலோவுக்கும் மேல் இடைவெளி இருந்தது; கார்த்திகையில் அது 0.1 கிலோ அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் விளையாடுவதைவிட, தை பிறந்து நீர் இறங்கும்வரை அந்தக் குழாயை மூடி வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

நீர்மட்டம் மாறவில்லை, ஆனாலும் அழுத்தம் வாரத்துக்கு வாரம் மெல்ல ஏறுகிறது என்றால் அது அடைப்பு. இரும்பு அதற்கு முதற்காரணம். கடலூரின் கேப்பர் மலையைப் பார்த்தவர்களுக்கு இங்கே மண் ஏன் சிவந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் கசிந்து ஆக்சிஜன் தீர்ந்துபோன நீரில் அந்த இரும்பு கரைந்து நிற்கும். காற்று பட்டவுடன் அது துருவாகப் படிந்து துளைகளை மூடும். போர்க்குழாயில் பிடித்த நீரை வெள்ளைப் பாட்டிலில் ஊற்றி வைத்தால், கண்ணாடிபோல் வந்த நீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகி, பிறகு அடியில் காவி நிறத் தூள் இறங்கும். குடத்தில் கறை பிடிக்கும் தண்ணீர் என்று இப்பகுதிப் பெண்கள் சொல்வதும் இதைத்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டுதல்படி, கரைந்த இரும்பு லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் கவலையில்லை. 10 முதல் 20 வரை இருந்தால் குழாய்களை அடிக்கடி சோதித்துத் தேவைப்பட்டால் மாற்ற வேண்டும். 20ஐத் தாண்டினால் இந்த முறையே பொருந்தாது. இந்தச் சோதனையைத் திட்டமிடும்போதே செய்திருக்க வேண்டும், அடைத்த பிறகு செய்வதில் பயன் குறைவு.

அடைத்த குழாயைத் தூரிகையால் தேய்த்து, அலசி, கலங்கல் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். அதற்கும் இளகாவிட்டால் நீர்த்த அமிலம் விட்டு ஊறவைத்து இறைக்கலாம். அமிலம் விட்ட குழாயில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஒருபோதும் ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றை நிறுத்தும்போதெல்லாம் நுண்மணல் குழாய்க்குள் திரும்பி வருவதும் அடைப்புக்குக் காரணமாகும். குழாய்த் தலைப்பில் திரும்பா வால்வு இல்லையென்றால் அதைப் பொருத்தாமல் வேறு வைத்தியம் பார்ப்பது வீண்.

அழுத்தம் திடீரென விழுகிறது, காற்று அளவுக்கு மீறிப் போகிறது

ரோட்டாமீட்டரில் (குழாயில் ஓடும் காற்றை அளக்கும் கருவி) காற்றின் அளவு கூடியதைக் கண்டு மகிழ்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் கெட்ட செய்தி. ஒன்று மண் பிளந்திருக்கும். அல்லது குழாய்க்கும் துளையின் சுவருக்கும் இடையே காற்று கசியாதிருக்கப் போட்ட பென்டோனைட் (நனைந்தால் உப்பும் களிமண்), சிமென்ட் அடைப்பு விட்டிருக்கும். குழாய்த் தலைப்பைச் சுற்றி மண்ணில் சோப்பு நீரை ஊற்றிப் பார்த்தால் அடைப்பு விட்டிருப்பது நுரையிலேயே தெரிந்துவிடும். சில இடங்களில் காதைத் தரையோடு வைத்தாலே சீறல் கேட்கும். அடைப்பை மீண்டும் போடலாம். பிளந்த மண்ணை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது; காற்று அந்தப் பிளவிலேயே ஓடும், சுற்றியுள்ள மணலைத் தொடாது. அந்தக் குழாயைச் சிமென்ட் இட்டு மூடிவிட்டுச் சில மீட்டர் தள்ளிப் புதிது போடுவதே வழி.

ஒரே குழாய்வழியில் நான்கைந்து ஊதுகுழாய்களை இணைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வும் தனி ரோட்டாமீட்டரும் வைக்காமல் விட்டிருந்தால், இந்த ஒரு குழாய் எல்லாருடைய காற்றையும் தின்றுவிடும். மற்றவை மூடிக் கிடப்பது யாருக்கும் தெரியாது. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வேறெதிலாவது குறைக்கலாம், இதில் வேண்டாம்.

கண்காணிப்புக் கிணற்றில் குமிழி கொப்பளிக்கிறது, ஆனால் முடிவுகள் நகரவில்லை

பார்வையாளர்களை அழைத்து வந்து காட்டுவதற்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது. ஆனால் காற்று மணலுக்குள் குமிழிகளாகப் பரவுகிறது என்ற எண்ணமே தவறானது. குமிழி தனித்தனியாக மேலேறப் பருமணலோ சரளையோ வேண்டும். நம் வண்டலில் உள்ள நடுத்தர மணலிலும் நுண்மணலிலும் காற்று மெல்லிய வழிகளை வகுத்துக்கொண்டு, மரத்தின் கிளைகள்போலப் பிரிந்து மேலேறும். அவற்றில் ஒரு வழி, நீண்ட துளைப்பகுதி கொண்ட கிணற்றைத் தொட்டுவிட்டால், காற்றுக்கு அது திறந்த கதவு. அந்தக் கிணற்றில் எடுத்த நீரில் கரைந்த ஆக்சிஜன் நம் வெப்பநிலைக்கு ஏறக்குறைய நிறைவளவான லிட்டருக்கு 8 மில்லிகிராம் இருக்கும், பென்சீன் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும். ஆனால் அது கிணற்றுக்குள் இருந்த நீரின் நிலையே, ஓரடி தள்ளி மணலுக்குள் இருக்கும் நீரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சோதிப்பதற்கு முதலில் அந்தக் கிணற்றின் வாயைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டு, மற்றக் கிணறுகளில் அழுத்தமும் நீர்மட்டமும் மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். வசதி இருந்தால் ஊதும் காற்றில் சிறிது ஹீலியம் கலந்து, அது எந்தெந்த இடத்தில் மண்ணாவியாக மேலே வருகிறது என்று அளக்கலாம்; காற்று உண்மையில் சென்ற பரப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் அறியேன். ஒரு ஊதுகுழாயின் வீச்சு நுண்மணலில் இரண்டு மீட்டர் அளவிலும், பருமணலில் அதைவிட இரண்டு மூன்று மடங்காகவும் இருக்கலாம். வரைபடத்தில் போட்ட அழகான வட்டங்களை மண் மதிப்பதில்லை. குமிழி வருவது பக்கத்து வீட்டு அடிபம்பிலோ போரிலோ என்றால் அது முதல் பகுதியில் சொன்ன அவசரத்தோடு சேர்ந்தது. உடனே நிறுத்த வேண்டும்.

நீர்மட்டம் மேடிட்டு, நாள்கணக்கில் இறங்காமல் நிற்கிறது

காற்றைத் திறந்தவுடன் சுற்றுக் கிணறுகளில் நீர் சற்று ஏறி, ஒத்த மணலாக இருந்தால் சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். இறங்காமல் நின்றால் நடுவே ஒரு களிப்படுகை காற்றை மேலே விடாமல் தடுத்து, கூரைபோல் மூடிப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று கொள்ளலாம். அப்படித் தள்ளப்படும் காற்று மாசையும் சுத்தமான நிலத்தின் பக்கம் தள்ளும். போர் போட்டபோது எழுதிய மண் பதிவேட்டை எடுத்து, அரையடிக் களியையும் விடாமல் பார்க்க வேண்டும். போர்க்காரர் “எல்லாம் மணல்தான்” என்று மொத்தமாக எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பதிவேட்டை நம்பாமல், புதிதாக ஒரு துளை போட்டு மண்ணை அங்குலம் அங்குலமாகக் கையில் உருட்டிப் பார்ப்பது மலிவு. களி உறுதியானால் ஊதுகுழாயின் துளைகள் களிக்கு மேலே வருமாறு மாற்ற வேண்டும். மாசு களிக்குக் கீழே இருந்தால் இந்த முறையைக் கைவிட வேண்டும்.

நீரின் மேல் எண்ணெய் மிதக்கும் இடத்தில் இந்த மேடு இன்னும் தீங்கானது. பெய்லரை (கிணற்று நீரை மொள்ளும் ஒல்லியான குழல்) இறக்கித் தூக்கினால் நீரின் மேல் எண்ணெய் தனிப் படலமாக நிற்பது கண்ணுக்கே தெரியும். அதை இறைத்து எடுக்காமல் காற்றைத் திறந்தால், மேட்டின் சரிவில் எண்ணெய் நாலாபக்கமும் வழியும்.

உறிஞ்சும் ப்ளோயருக்குள் தண்ணீர் வருகிறது

ஐப்பசி, கார்த்திகையில் இது வராத இடம் இங்கே குறைவு. உறிஞ்சுகுழாயில் 100 மில்லிபார் இழுவிசை வைத்தால் அதனடியில் நீர் சுமார் ஒரு மீட்டர் உயரும். நீர்மட்டமே ஒன்றரை மீட்டரில் இருக்கும்போது மீதி என்ன இருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். நீர் பிரிக்கும் தொட்டியைப் பெரிதாக்குவது விடையாகாது. இழுவிசையைக் குறைத்து, குறைந்த விசையில் அதிகக் காற்று இழுக்கும் வகையில், ஆழமில்லாத கிடைக்குழாய்களைச் சரளை நிரப்பிய வாய்க்காலில் பதித்து அதன்மேல் தார்ப்பாய் மூடினால் ஓரளவு சமாளிக்கலாம். அதுவும் முடியாத மழையில் உறிஞ்சுவது நின்றால் ஊதுவதும் நிற்க வேண்டும். ஒப்பந்தம் எழுதும்போதே ஆண்டுக்கு ஒன்பது மாத வேலை என்று எழுதிக்கொள்வது உத்தமம்.

சில்லறைக் கோளாறுகள்

கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று சூடானது என்பதை மறந்து பிவிசி குழாயை நேராக இணைத்தால் அது இளகி வளைந்துவிடும். முதல் சில மீட்டருக்கு ஜிஐ குழாய் போட வேண்டும். எண்ணெய் இட்டு ஓடும் கம்ப்ரசர் நிலத்துக்குள் எண்ணெயையே ஊதும், ஆகவே எண்ணெயில்லாத வகைதான் வேண்டும். உப்புக்காற்றில் பிரஷர் கேஜ் துருப்பிடித்து ஒரே எண்ணில் நின்றுவிடுவதுண்டு. கேஜை நம்புமுன் காற்றைத் திறந்துவிட்டு முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்க்கவும்.

எல்லாம் சரியாக ஓடுகிறது, மாசு குறையவில்லை

முதல் ஐயம், மாசு இன்னதென்று சரியாகத் தெரியுமா என்பதுதான். பென்சீனும் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானும் காற்றோடு எளிதில் வெளியேறும். பீனால், சாயங்கள், உப்பு, கன உலோகங்கள் ஆகியவை எத்தனை ஆண்டு ஊதினாலும் காற்றோடு வெளியேறுவதில்லை. அவற்றில் பீனால் மட்டும் ஆக்சிஜன் கிடைத்தால் நுண்ணுயிரிகளால் சிதையக்கூடும். பெட்ரோலில் சேர்க்கப்படும் எம்டிபிஇ நீரை விட்டுப் பிரிய மறுப்பதால் மெதுவாகவே குறையும். உப்பனாற்றங்கரையில் உள்ள கடலூர் சிப்காட்டைப்போல் பலவகை ரசாயன ஆலைகள் அருகருகே அமைந்த பகுதியில், ஒரு கிணற்று நீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று முழுப் பகுப்பாய்வு செய்யாமல் இந்த முறையைப் பரிந்துரைப்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஆக்சிஜன் ஏறவில்லை என்பதையே தோல்வியாக எண்ணிவிடுவது. ஒரு கிலோ பெட்ரோலை நுண்ணுயிரிகள் முழுமையாகச் சிதைக்க மூன்று கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். செலுத்துவதெல்லாம் உடனுக்குடன் செலவானால் நீரில் மிச்சம் இருக்காது. உறிஞ்சிய காற்றில் கார்பன் டைஆக்சைடு உயர்ந்திருந்தால் உள்ளே வேலை நடக்கிறது, பொறுத்திருக்கலாம்.

மாசு குறைந்தது, நிறுத்தினோம், மீண்டும் ஏறிவிட்டது

காற்று ஓடிய வழிகளுக்கு அருகிலுள்ள நீர் விரைவில் சுத்தமாகிவிடும். வழிகளுக்கு இடையே சிக்கிய நீரிலிருந்து மாசு ஊறி ஊறித்தான் வர வேண்டும். காற்று ஓடும்போதோ நிறுத்திய மறுநாளோ மாதிரி எடுத்தால் சுத்தமான நீரே கிடைக்கும். நிறுத்தி, குறைந்தது சில வாரங்கள் விட்டு எடுத்த மாதிரியை மட்டுமே நான் முடிவாக ஏற்பேன். ஏறியது கண்டால், தொடர்ந்து ஊதுவதை விட்டுச் சில மணி நேரம் ஊதி, சில மணி நேரம் நிறுத்தும் முறைக்கு மாற வேண்டும். ஒவ்வொரு முறை நிறுத்தித் திறக்கும்போதும் நீர் சரிந்து கலப்பதால் சிக்கிய மாசு வெளிவருகிறது, மின்கட்டணமும் குறைகிறது.

இங்கே இன்னொரு காரணமும் உண்டு. கோடையில் நீர் இறங்கும்போது அதன்மேல் மிதந்த எண்ணெயும் கூடவே இறங்கி மணலில் பூசிக்கொள்கிறது. மழையில் நீர் ஏறும்போது அந்தப் பூச்சு நீருக்குள் அமிழ்ந்து மறுபடியும் கரையத் தொடங்குகிறது. ஆனியில் எடுத்த மாதிரி சுத்தமாக இருந்து மார்கழியில் கெட்டுப்போனால் பழியை இயந்திரத்தின்மேல் போடுவதற்கு முன், இரண்டு மாதங்களின் நீர்மட்டத்தையும் ஒரே தாளில் எழுதி, இடைப்பட்ட ஆழத்து மண்ணில் ஒரு மாதிரி எடுத்து முகர்ந்து பார்க்காமல் மூடிய பாட்டிலில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.